‘தேசிய மின் விதித்தொகுப்பு வந்தாச்சு, பழைய வயரிங்குக்கு கரண்ட் கட்’: உண்மை என்ன?

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு. அந்தத் தொகுப்பு (எஸ்.பி. 30) இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வழிகாட்டி, தானாகச் சட்டமாகாது. கட்டுப்படுத்துபவை, 2003 மின்சாரச் சட்டத்தின்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2023-இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள். இணைப்புத் துண்டிப்பு நடைமுறையைச் சொல்வதும் திருத்துவதும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

அதற்காகப் பழைய வீட்டுக்கு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) வேண்டாம் என்றில்லை. உடம்பில் 50 மில்லிஆம்பியர் பாய்ந்தால் 16 ஆம்பியர் எம்.சி.பி. (ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்குத் துண்டிக்கும் சுவிட்ச்) அசையாது, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகும். பழைய வீட்டில் மாட்டியதுமே ட்ரிப் ஆனால் கருவியைத் திட்டாதீர்கள்: பெரும்பாலும் எங்கோ இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரலைச் சேர்த்து முறுக்கியிருப்பார்கள், அல்லது நியூட்ரல் எர்த்தைத் தொடும். ஆர்.சி.சி.பி.-க்கு பைபாஸ் போடாமல், அந்த நியூட்ரல் இணைப்பைப் பிரிக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.