இன்றைய சொல்: புலம்பு

எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு 'சங்கச் சொல்' வந்து விழும். போன வாரம் வந்தது, 'புலம்பு = தனிமை'. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

தப்பு ஒன்றும் இல்லை. 'புலம்பே தனிமை' என்று தொல்காப்பியமே உரியியலில் சொல்கிறது. ஆனால் அதைப் படித்து யாருக்காவது அந்தச் சொல் மனசில் தங்கியிருக்குமா? பள்ளியில் அருஞ்சொற்பொருளை உருப்போட்டு, ஒரு மார்க் வாங்கி, அன்றைக்கே மறந்த ஆள் நான்.

எனக்கு அது பிடிபட்டது ஒரு குருவியால். குறுந்தொகை 46, மாமலாடனார் பாட்டு. மொத்தமே ஏழு வரி. வாடிய ஆம்பல் பூப் போலச் சிறகு கூம்பிய குருவி, முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைத் தின்கிறது. மன்றத்தில் கிடக்கும் எருப்பொடியைக் குடைந்து விளையாடுகிறது. (அந்த மன்றம் ஊர்ப் பொதுவெளி. ரசிகர்கள் யாரும் இல்லை.) பிறகு வீட்டுக் கூரையின் விளிம்பில் தன் குஞ்சுகளோடு ஒடுங்கிக்கொள்கிறது. பாட்டில் அது 'இல் இறை'. எங்கள் ஆச்சி வீட்டில் இறவாணம். ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைக்கோலைத் திணித்துக் கூடு கட்டியிருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் அது போடுகிற சத்தத்தில் ரேடியோ கேட்காது.

ஐந்து வரி குருவிக்கே போய்விடுகிறது. அதற்கப்புறம்தான் பாட்டைச் சொல்கிற தலைவி, தலைவனைப் பிரிந்திருப்பவள், தன் கதைக்கு வருகிறாள்:

'புன்கண் மாலையும் புலம்பும்
இன்றுகொல் தோழி அவர் சென்ற நாட்டே'

இந்த 'இன்று'வும் ஆளை ஏமாற்றும். இங்கே அதற்கு 'இல்லை' என்று பொருள். இந்தப் பாழாய்ப்போன சாயங்காலமும் புலம்பும் அவர் போன ஊரில் இல்லையாடி என்று கேட்கிறாள்.

கவனித்தீர்களா, தோழி பக்கத்திலேயே இருக்கிறாள். பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. அப்படியும் அவளுக்குப் புலம்பு. குருவிகூடக் கூடடைந்துவிட்ட நேரத்தில் தன் வீட்டில் ஓர் இடம் காலியாகக் கிடக்கிறதே, அதற்குப் பெயர் இது. நடுவில் ஒரு சமக்குறியைப் போட்டு இதை எப்படிச் சொல்வது?

தனிமை என்றிருந்த சொல் எப்படி 'சும்மா புலம்பாதே'க்கு வந்து சேர்ந்தது என்பதை மொழியறிஞர்கள் சொல்லட்டும். ஆச்சி போன பிறகு தாத்தா திண்ணையில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார். 'கிழவர் புலம்ப ஆரம்பிச்சுட்டார்' என்பார்கள் வீட்டில். எனக்கு அந்தத் திண்ணையில் இரண்டு பொருளும் ஒன்றுதான்.

ஆகவே குழுவை நடத்துகிற நண்பரிடம் சொன்னேன்: தினம் ஒரு சொல் வேண்டாம், வாரம் ஒரு பாட்டுப் போடுங்கள், சொல் தானாக வரும். அவர் பதில் சொல்லவில்லை. சரி என்று நேற்று ராத்திரி நானே ஏழு வரியையும் தட்டச்சு செய்து போட்டேன். இரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். மூன்றாமவர் கேட்டார்: 'சார், அர்த்தம் மட்டும் சுருக்கமா ஒரு வரியில போடுங்களேன்.'