புதுகையா, புதுவையா?

கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயருக்குக் கீழே 'புதுகை' என்று மட்டும் போடுகிறவர்களை என்ன செய்வது? புதுக்கோட்டை புதுகை, புதுச்சேரி புதுவை. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஊருக்கும் ஊருக்கும் இடையே 200 கிலோமீட்டருக்கு மேல். அச்சுக்கூடத்தில் ஒரு 'கை' 'வை' ஆனால் மொய்க்கவரோடு கடற்கரையில்தான் நிற்க வேண்டும்.

மரூஉ, அதாவது பெயர் வழக்கில் மருவிச் சுருங்குவது, நல்ல வழக்கம்தான். ஊர்ப்பெயர்களில் பெரும்பாலும் தலையை வைத்துக்கொண்டு வாலில் ஐ சேர்ப்பது. நெல் + ஐ நெல்லை, கோ + ஐ நடுவில் வ் வந்து கோவை. புது + ஐயும் அதே வ் நடுவில் வந்து புதுவை, 'புதை' ஆகாமல் போனது நல்லவேளை!

குடந்தையைக் கும்பகோணத்தின் சுருக்கம் என்கிறார்களே, அது இன்னொரு எரிச்சல். 'கும்பகோண'த்தில் 'ட' எங்கே இருக்கிறது? தேவாரத்தில் அந்த ஊர் குடமூக்கு, ஆழ்வார் பாசுரத்தில் குடந்தை. குடம்தான் வடமொழியில் கும்பம்.

மயிலையும் லேசுப்பட்டதல்ல. சென்னைக்காரருக்கு அது மயிலாப்பூர், காவிரிக்கரைக்காரருக்கு மயிலாடுதுறை. செல்லப்பெயரை மேடையில் எவ்வளவு வேண்டுமானாலும் முழங்குங்கள். முகவரியில் முழுப்பெயரும் மாவட்டமும் பின்கோடும் போடுங்கள், ஐயா.