தவளை மாதிரி குதித்தால் அது ஆங்கிலப் பாடம் இல்லையா?

பிள்ளைகளோடு குதித்து ஆங்கிலம் நடத்தும் அந்த அரசுப் பள்ளி ஒன்றாம் வகுப்பு டீச்சரின் வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லா வாட்ஸப் குரூப்பிலும் சுற்றிவிட்டது, பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். ஆனால் நேற்று இரவு எங்கள் குடும்பக் குரூப்பிலேயே சொந்தக்காரர் ஒருவர் "ஆடுவதற்கு அரசாங்கச் சம்பளம்" என்று எழுதி அதைப் போட்டிருந்தார். நானும் ஒன்றாம் வகுப்புக்குத்தான் ஆங்கிலம் எடுக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு மேல் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

வீடியோவில் என்ன நடக்கிறது? டீச்சர் "டச் யுவர் நோஸ்" என்கிறார், பிள்ளைகள் மூக்கைத் தொடுகிறார்கள். "க்ளோஸ் யுவர் ஐஸ்" என்கிறார், கண்ணை மூடுகிறார்கள். "ஜம்ப் லைக் எ ஃபிராக்" என்றதும் வகுப்பே குதிக்கிறது, டீச்சரும் கூடச் சேர்ந்து குதிக்கிறார். ஒரு வார்த்தைகூடத் தமிழில் பெயர்த்துச் சொல்லவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் புரிந்திருக்கிறது. இது பாடம் இல்லை என்றால் எதுதான் பாடம்?

வீட்டில் ஆங்கிலமே காதில் விழாத பிள்ளைக்கு ஆங்கிலம் முதலில் காது வழியாகத்தான் போக வேண்டும். அப்புறம் வாய். எழுத்து அதற்கும் பின்னால். தமிழையும் அந்தப் பிள்ளை அப்படித்தானே கற்றது? 'அ' எழுதிப் பழகிய பிறகா அம்மாவைக் கூப்பிட்டது?

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலேயே இதை ஒரு கற்பித்தல் முறையாக வகுத்தார். டோட்டல் பிசிக்கல் ரெஸ்பான்ஸ் என்று பெயர். கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்துகொண்டே வந்தால் மொழி உள்ளே இறங்கும், பேச்சு தானாக வரும்வரை வற்புறுத்தக் கூடாது என்பதுதான் அதன் சாரம். வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் நம் ஊருக்கே வாருங்கள். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு முயற்சி நடத்தினார். இலக்கணத்தை வரிசையாக நடத்துவதை விட்டுவிட்டு ரயில் கால அட்டவணை, வரைபடம் என்று பிள்ளைகளுக்கு வேலை கொடுத்து, அதைச் செய்யும் போக்கிலேயே ஆங்கிலம் பழக வைத்தார். மொழி கற்பிப்பதைப் படிக்கிறவர்கள் உலகமெங்கும் இன்றைக்கும் அதைப் பற்றிப் படிக்கிறார்கள். கடலூர்ப் பிள்ளைகள் காட்டிய வழி அது. நாம் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

2022இல் தொடக்க வகுப்புகளுக்குத் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து ஆங்கிலத்துக்கும் பாட்டு, விளையாட்டு, செயல்பாடு என்றுதான் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்த டீச்சர் தன் வேலையைத்தான் செய்தார். நன்றாகவே செய்தார்.

என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். அப்பா செங்கல் சூளையில் வேலை. சேர்ந்த புதிதில் ஆங்கில வேளையில் வாயே திறக்க மாட்டாள். ஆனால் சொன்னதை எல்லாம் செய்வாள், பாட்டுக்குக் கை அசைப்பாள். அரையாண்டு வரைக்கும் அப்படியே போனது. ஒரு நாள் தாமதமாக வந்த பையன் வாசலில் தயங்கி நின்றான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி இருந்தேன். பின்னால் இருந்து "கம் இன், சிட் டவுன்" என்று ஒரு குரல். அவள்தான். யாரும் சொல்லச் சொல்லவில்லை, மனப்பாடம் செய்து ஒப்பிக்கவும் இல்லை. அந்த இடத்துக்கு அந்த வாக்கியம்தான் வேண்டும் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சம்பளப் பட்டியலில் எழுத முடியாது.

"தனியார் பள்ளியில் எல்கேஜி பிள்ளையே நாலு கோடு நோட்டில் எழுதுகிறதே?" என்பார்கள். எழுதட்டும். விரல் எலும்பு இன்னும் முற்றாத வயதில் கர்சிவ் எழுத வைத்து, பி எது டி எது என்று குழம்பும் பிள்ளைக்கு இம்போசிஷனும் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை "மை செல்ஃப்" பத்து வரி ஒரே மூச்சில் ஒப்பிக்கும். "உன் அக்கா பெயர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன், அம்மா முகத்தைப் பார்த்தது. குறை பிள்ளையுடையது இல்லை. அதன் காதில் யாரும் ஆங்கிலம் பேசவில்லை, எழுத்தை மட்டும் திணித்திருக்கிறார்கள்.

"டீச்சரின் உச்சரிப்பே சரியில்லை" என்று ஒரு கூட்டம். அவர் 'ஜம்பு' என்று சொல்கிறாராம். எனக்கு மூன்றாம் வகுப்பில்தான் ஆங்கிலம் தொடங்கியது. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் தமிழ் வழியில் படித்தவர்கள்தான். ஆசிரியர் பயிற்சியில் ஒரு வாக்கியம் பேச எழுந்தால் பின்வரிசை சிரிக்கும், உட்கார்ந்துவிடுவோம். அந்தச் சிரிப்பில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டோம் தெரியுமா? இன்றைக்கு ஒரு டீச்சர் வெட்கப்படாமல் பிள்ளைகள் முன்னால் பேசுகிறார். அதற்கும் அதே சிரிப்பு. நாளைக்கு அவர் கதவைச் சாத்திக்கொண்டு "சி ஏ டி கேட்" என்று கோரஸாகக் கத்த வைப்பார், உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

ஒரு கேள்வியை மட்டும் நான் மதிக்கிறேன். "ஏழைப் பிள்ளைக்கு ஆங்கிலம்தான் ஏணி, அதில் விளையாட்டா?" என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். அந்தப் பயம் நியாயம். அரசுப் பள்ளிகளில் 2012-13இல் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கியதும் அதே ஏக்கத்தைப் பார்த்துத்தான். ஆனால் அம்மா, ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மனதில் நிலைத்து நிற்க வேண்டும் என்றால் இப்படித் தொடங்க வேண்டும் என்கிறேன். தமிழில் கதை கேட்டு, கதை சொல்லி வளர்ந்த பிள்ளை இரண்டாவது மொழியைப் பயமில்லாமல் பிடித்துக்கொள்ளும். தமிழில் பேசினால் அபராதம் என்று வாயைக் கட்டிய பிள்ளைக்கு இரண்டுமே ஒட்டாது. கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது. அந்த அபராதத்தைப் பற்றி ஏன் ஒருவரும் வீடியோ போடுவதில்லை?

அப்புறம், வீடியோவின் ஓரத்தில் பெரிய பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம், அதற்கும் ஒரு கேலி. தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது அதே சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பு, ஐந்து பாடம், இரண்டு பேர். ஒன்றாம் வகுப்போடு குதித்துக்கொண்டே மூன்றாம் வகுப்புக்குக் கணக்கும் பார்க்க வேண்டும், நடுவில் கல்வித்துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவும் போட வேண்டும். அந்தப் பள்ளிக்கு மூன்றாவதாக ஓர் ஆசிரியர் வேண்டும் என்று அந்த வீடியோவின் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், முதல் ஆளாக நானே அதைப் பகிர்ந்திருப்பேன்.