மெர்லோ என்று பெயர் வைத்து வளர்த்த பிள்ளை

(சிலி நாட்டின் மைப்போ பள்ளத்தாக்கு, 1995 மார்ச். திராட்சைத் தோட்டத்தில் முதலாளியும் மேஸ்திரியும்.)

முதலாளி: மெர்லோ வகைத் திராட்சை முழுவதையும் பறிக்கச் சொல்லி ஆட்களை அனுப்பினேனே, மேஸ்திரி, பாதி வரிசைகள் ஏன் அப்படியே நிற்கின்றன?

மேஸ்திரி: அந்தப் பாதி மெர்லோவே இல்லையாம், ஐயா. போன நவம்பரில் கார்மென் தோட்டத்துக்கு வந்த ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு வல்லுநர், பூவின் மகரந்தக் காம்பு முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அது கார்மெனேர் என்ற வேறு திராட்சை வகை என்று கண்டுபிடித்துவிட்டாராம்.

முதலாளி: பாட்டனார் காலத்திலிருந்து மெர்லோ என்று விற்ற சரக்குக்கு, பூவைப் பார்த்த ஒருவர் பெயர் மாற்றுவதா?

மேஸ்திரி: 1860-களில் ஃபிலொக்சரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சில் பரவிக் கொடிகளை அழித்தபின், அங்கே போர்தோ வட்டாரத்தில் ஒட்டுக்கட்டி மறுநடவு செய்தவர்கள், குளிர் மழையில் பூவை உதிர்த்துக் காய்ப்பில் ஏமாற்றும் கார்மெனேரைக் கைகழுவிவிட்டார்கள்; அதற்கு முன்பே மெர்லோவோடு கலந்து இங்கே வந்த குச்சிகளோ, அந்தப் பூச்சி எட்டிப்பார்க்காத நம் மண்ணில் தழைத்துவிட்டன.

முதலாளி: ஆக, பிரான்சில் கருமாதி முடித்துக் கணக்குத் தீர்க்கப்பட்ட ஆசாமி, என் வாய்க்கால் தண்ணீரை ஓசியில் குடித்துக்கொண்டிருக்கிறான் என்கிறீர்.

மேஸ்திரி: அவன் மெர்லோவுக்கு இரண்டு மூன்று வாரம் பிந்திப் பழுப்பவன், ஐயா. இரண்டையும் ஒரே நாளில் பறித்ததால்தான் நம் ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசம் தூக்கலாக இருந்தது.

முதலாளி: அதைத்தானே நம் மண்ணின் தனிச்சிறப்பு என்று வியாபாரிகளிடம் சொல்லி விற்றேன்!

மேஸ்திரி: முகம் சுளித்தவர்களுக்கு ரசனை போதாது என்றும் சொன்னீர்கள்.

முதலாளி: அது கிடக்கட்டும். அறுவடைக்குப் பிறகு அந்த வரிசைகளில் இலை செக்கச்செவேலென்று மாறுமே, அந்த நோய்க்கு மருந்து அடிக்கிறீரா?

மேஸ்திரி: கார்மெனேரின் இலை இலையுதிர் காலத்தில் அப்படித்தான் சிவக்குமாம், ஐயா. தாங்கள் சொன்னபடி ஆண்டுதோறும் மருந்து அடித்தோம், ஒருமுறைகூடக் குணமாகவில்லை.

முதலாளி: (நெடுநேரம் கொடிகளைப் பார்த்துவிட்டு) பொறுத்திருந்து பறித்தால் ஒயின் தேறுமா?

மேஸ்திரி: அடர்ந்த சிவப்பு நிறமும், கரும்பழச் சுவையும், நாக்கை உறுத்தாத துவர்ப்பும் கிடைக்கும், ஆனால் அளவுக்கு மீறிப் பழுக்கவிட்டால், இயல்பிலேயே குறைவான புளிப்பு இன்னும் இறங்கிச் சப்பென்று ஆகிவிடும்.

முதலாளி: சரி, பழுக்கட்டும். கிடங்கில் இருக்கும் பழைய புட்டிகளில் என்ன ஒட்டியிருக்கிறது?

மேஸ்திரி: எல்லாவற்றிலும் மெர்லோ என்றுதான் ஒட்டியிருக்கிறது.

முதலாளி: அரசாங்கமே இன்னும் இந்தப் புதுப் பெயரை ஏற்காத நிலையில், அந்தப் புட்டிகள் விற்றுத் தீரும்வரை பிரெஞ்சுக்காரர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை, உம் காதிலும் விழவில்லை.