ஸ்கேன் வண்டி வரட்டும்

ஏழைகள் நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வராததற்கு விழிப்புணர்வின்மையே காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பஸ் மாறி, ஒருநாள் கூலியையும் இழந்து, "ஏன் புகைபிடித்தீர்கள்?" என்று வசவும் வாங்க யார் போவார்கள்? விழிப்புணர்வுத் துண்டுப் பிரசுரம் அச்சடிக்கும் காசில், அவர்கள் இருக்கும் இடத்துக்கே போகும் ஸ்கேன் வண்டிக்கு டீசல் போடலாம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2016-இல் அப்படித்தான் செய்தார்கள். வசதி குறைந்த பகுதிகளில், கடைவளாக வாகன நிறுத்துமிடத்திலேயே சி.டி. ஸ்கேன் வண்டி நின்றது. புகைப்பவர்கள், விட்டவர்கள் என 55 முதல் 74 வயது வரையிலானோரை அழைத்தார்கள். அழைப்பிலும் புற்றுநோய் என்று மிரட்டவில்லை. 'நுரையீரல் நலப் பரிசோதனை' என்றுதான் பெயர். முதலில் மூச்சுப் பரிசோதனை, சில கேள்விகள். ஆபத்து அதிகம் என்றால் உடனே அங்கேயே ஸ்கேன். மறுபடி வரச் சொல்லி அலைக்கழிக்கவில்லை பாருங்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம்! கண்டறியப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஆரம்பநிலைப் புற்றுநோய்கள்.