ஷொய்ப்லேயின் இரண்டு கணக்குகள்

வுல்ஃப்காங் ஷொய்ப்லே என்றதும் பலருக்கு கடன் நெருக்கடியில் கிரேக்கத்தைக் கசக்கிப் பிழிந்த ஜெர்மன் நிதியமைச்சர்தான் நினைவுக்கு வருவார். அது தப்பில்லை. ஆனால் இந்த மனிதரை 1990இலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால்தான் எனக்கு அவர்மேல் கோபம் கூடுகிறது.

மேற்கு ஜெர்மனியின் உள்துறை அமைச்சராக, கிழக்கோடு இணைவதற்கான ஒப்பந்தத்தைப் பேசி முடித்தவர் அவர். 1990 ஆகஸ்ட் 31இல் கையெழுத்தானது. அக்டோபர் 12ஆம் தேதி, சொந்த வட்டாரமான ஓப்பனாவில் நடந்த தேர்தல் கூட்டத்தில் மனநலம் பாதிக்கப்பட்ட ஒருவர் அவரைச் சுட்டார். அதிலிருந்து கடைசிவரை சக்கர நாற்காலி. சில மாதங்களிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த மன உறுதியை யாரும் மறுக்க முடியாது.

அடுத்த ஜூனில் ஒரு பெரிய விவாதம்: நாடாளுமன்றமும் அரசும் மேற்கு ஜெர்மனியின் தலைநகராக இருந்த பானிலேயே இருப்பதா, பெர்லினுக்குப் போவதா? பான் பக்கம்தான் காற்று வீசியது. ஷொய்ப்லே எழுந்து, இது இடமாற்றச் செலவு பற்றிய பிரச்சினையே இல்லை, ஜெர்மனியின் எதிர்காலம் பற்றியது என்று பேசினார். 338க்கு 320. பெர்லின் ஜெயித்தது. அவர் பேச்சுதான் தராசைச் சாய்த்தது என்று இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அவரிடம் மிகப் பிடித்த நாள் அதுதான்.

அப்புறம் 2015. அதே ஆள், கிரேக்கம் குறைந்தது ஐந்து வருடமாவது யூரோவிலிருந்து விலகி நிற்கலாமே என்கிறார். அங்கே நாலில் ஒருவருக்கு வேலையில்லை. ஏதென்ஸ் முன்பு பொய்க்கணக்கு காட்டியது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் கிழக்கு ஜெர்மானியர்களின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் ஒன்றுக்கு ஒன்று என்று மேற்கின் நாணயமான மார்க்காக மாற்றிக் கொடுத்தபோது எந்தக் கணக்குப் புத்தகம் அதை ஒப்புக்கொண்டது? மத்திய வங்கி எச்சரித்தும் அப்போதைய பிரதமர் ஹெல்முட் கோலின் அரசு செய்தது. ஒற்றுமைக்கு விலை உண்டு, கொடுப்போம் என்ற அந்த அரசில் ஷொய்ப்லே முக்கியமான ஆள். ஐரோப்பிய ஒற்றுமை என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவருக்கு ஐரோப்பாவின் ஏழை உறுப்பினர் வந்து நின்றதும் வேறு பேனா கையில் வந்துவிட்டது.

இதில் இன்னொரு கூத்து. ஆயுத வியாபாரி ஷ்ரைபரிடம் 1994இல் தன் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காக ரொக்கமாக 1,00,000 மார்க் வாங்கியதை நாடாளுமன்றத்தில் மறைத்து, பிறகு ஒப்புக்கொண்டு, 2000இல் கட்சித் தலைவர் பதவியை விட்டவரும் இவரே. அந்த நாற்காலியில்தான் பின்னாளில் பிரதமரான அங்கெலா மெர்கல் வந்து உட்கார்ந்தார். மெர்கலே பிறகு இவரை அமைச்சராக்கினார்.

2014இல் புதுக்கடன் வாங்காத பட்ஜெட், 1969க்குப் பிறகு முதல்முறை. 'கறுப்புப் பூஜ்யம்' என்று கொண்டாடினார்கள். 2017இல் அவர் விடைபெற்றபோது அமைச்சக ஊழியர்கள் கறுப்பு உடையில் முற்றத்தில் பூஜ்ய வடிவில் நின்றார்கள்! வட்டி ஏறக்குறைய இல்லாத அந்தக் காலத்தில் ரயில்பாதைக்கும் பாலத்துக்கும் கடன் வாங்காமல் விட்டது சாதனையா? 2025இல் அரசியல் சாசனத்தையே திருத்தி, கட்டமைப்புக்கு 50,000 கோடி யூரோ ஒதுக்க வேண்டியதாயிற்று.

2020இல், கொரோனா நேரத்தில், ஐரோப்பிய ஒன்றியம் சேர்ந்து கடன் வாங்குவதை அவர் ஆதரித்தார். சரி, நல்ல மாற்றம்தான். ஆனால் அப்போது அவர் நாடாளுமன்றத் தலைவர். கஜானா சாவி வேறொருவரிடம் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.