வில்லுப்பாட்டுக்கு ப்ராக் பட்டம் வேண்டாம் மருமகனே

என் அக்கா மகன் கிட்டார் வாசிப்பான். அவனும் கூட்டாளிகளும் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் டீக்கடையில் கூடினால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்குமாம்: எது ப்ராக்ரெசிவ் ராக் (சுருக்கமாக ப்ராக்), எது இல்லை. பிங்க் ஃபிளாய்ட் குழு ப்ராக்கா, வெறும் ராக்கா? டூல் என்ற குழு மெட்டலா, ப்ராக்கா? ரேடியோஹெட்டைச் சேர்க்கலாமா? ஒருத்தன் மட்டும் ‘பாட்டுக்கு எதுக்குலே பேரு, கேட்டமா போனமான்னு இருங்க’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவானாம். போன வாரம் என் மருமகன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். ‘மாமா, யோசிச்சுப் பாத்தா நம்ம வில்லுப்பாட்டுதான் ஒரிஜினல் ப்ராக்ரெசிவ் ராக்.’

பாராட்டாகத்தான் சொன்னான். எனக்குத்தான் பிடிக்கவில்லை. பெயரே வேண்டாம் என்றவனோடும் எனக்கு ஒப்பில்லை, வில்லுக்குப் புதுப் பெயர் வைத்தவனோடும் ஒப்பில்லை. அதனால் இந்த நீளப் பதிவு. பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம், தப்பில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் ராக் வாசித்த சிலருக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. அவர்கள் நீட்டி வளர்த்ததுதான் ப்ராக்ரெசிவ் ராக். 1969 அக்டோபரில் கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. ஸாக்ஸஃபோன், குதறியெடுக்கும் கிட்டார், கூடவே மெல்லோட்ரான் என்றொரு வாத்தியம். மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு உண்டு. அதில் வயலின் கூட்டத்தையோ புல்லாங்குழலையோ பதிந்து வைத்திருப்பார்கள். கட்டையை அமுக்கினால் எட்டு வினாடி ஓடும், அப்புறம் நின்றுபோகும். ஆர்கெஸ்ட்ரா வைக்கக் காசில்லாதவர்களின் ஆர்கெஸ்ட்ரா அது. 1971இல் எமர்சன் லேக் அண்ட் பாமர் என்ற மூவர், ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதியதை மேடையில் ராக்காக வாசித்து அதையே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். 1972இல் யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ வந்தது. எல்பி தட்டின் ஒரு பக்கம் முழுக்க 18 நிமிடத்துக்கு மேல் ஒரே பாட்டு. அதே ஆண்டு ஜெனிசிஸ் குழு ‘சப்பர்ஸ் ரெடி’ என்று ஏறக்குறைய 23 நிமிடம் பாடியது. 1976, 77 வாக்கில் பங்க் என்ற முரட்டு ராக் வாசித்த பையன்கள் வந்து இவர்களையெல்லாம் கிழட்டுப் பணக்காரர்கள் என்று கிண்டலடித்தார்கள். கூட்டம் கலைந்தது, ஆனால் பெயர் நின்றுவிட்டது.

சரி, இலக்கணம் என்ன? மருமகன் கூட்டம் சொல்லும் அடையாளங்கள் இவை: நீளம், கதை, தாளக் கணக்கு, மேற்கத்தியச் செவ்வியல் வாடை, கைத்திறமை. தாளக் கணக்கில்தான் பையன்கள் ரொம்ப மயங்குகிறார்கள். பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ (1973) ஏழு எண்ணிக்கையில் போகும். கிட்டார் தனியாக வரும்போது நாலுக்கு மாறும். கேட்க அருமையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏழைக் கேட்டு வாயைப் பிளக்க நாம் என்ன லண்டனிலா பிறந்தோம்? தகிட தகதிமி, மூணும் நாலும் ஏழு. நம் மிஸ்ர சாபு தாளம். சபாப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவனும் கோயில் வாசலில் தவில் வழியாக அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். அந்த ஊரிலேயே பாருங்கள்: ஜெனிசிஸை விட்டு வெளியே வந்த பீட்டர் கேப்ரியல் 1977இல் பாடிய ‘சால்ஸ்பரி ஹில்’லும் ஏழுதான். அது ரேடியோ பாப் பாட்டாகத்தான் ஓடியது. எண்ணிக்கையை வைத்து ஒரு பாட்டை ப்ராக் ஆக்க முடியாது.

அடுத்து நீளமும் கதையும். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

கிங் கிரிம்சன் வந்த அதே 1969இல் அமெரிக்காவில் ஐசக் ஹேய்ஸ் ‘ஹாட் பட்டர்ட் சோல்’ என்று ஒரு தட்டு போட்டார். மொத்தமே நாலு பாட்டு. அதில் ஒன்று 18 நிமிடத்தைத் தாண்டும். 1971இல் மார்வின் கே, வியட்நாம் போரிலிருந்து வீடு திரும்பியவனின் கண்ணால் நாட்டைப் பார்ப்பது போல ஒரு ஆல்பம் முழுக்கப் பாடினார். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று கோத்திருக்கும். 1972இல் டெம்டேஷன்ஸ் குழுவின் ‘பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்’ ஆல்பத்தில் 12 நிமிடம் வரை போகும். குரல் உள்ளே நுழையவே கிட்டத்தட்ட நாலு நிமிடம் ஆகும். நீளம் இருக்கிறது, கதை இருக்கிறது, வயலின் கூட்டம் இருக்கிறது, மெல்லோட்ரான் டேப் இல்லை, நிஜ வயலின்கள். இவற்றை யாராவது ப்ராக் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எல்லாம் ‘சோல்’ என்ற வேறொரு வகையின் அலமாரியில். பாடியவர்கள் கறுப்பர்கள்.

‘இல்ல மாமா, அவங்க வேர் வேற. சர்ச் பாட்டு, காஸ்பல், அதுலேர்ந்து வந்தது’ என்றான். நியாயமான பதில். அப்படியானால் உன் அளவுகோல் நீளமும் இல்லை, கதையும் இல்லை. யார் யாரிடமிருந்து கற்றார்கள், யார் யாரோடு ஒரே மேடையில் நின்றார்கள் என்பதுதான் அளவுகோல். அதை ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். ப்ராக் என்பது ஒரு விலாசம். அந்தத் தெருவில் யார் குடியிருந்தார்கள், அங்கிருந்து யார் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள் என்று சொல்லும். வீட்டுக்குள் சாப்பாடு எப்படி என்று அதில் எழுதியிருக்காது.

பெயரை ஒட்டுகிறவர்கள் காதை மட்டும் வைத்து ஒட்டுவதில்லை. அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை 1949 வரை கறுப்பர்களின் பாட்டுப் பட்டியலை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்றே அச்சிட்டது. அந்த ஆண்டுதான் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ ஆக மாற்றினார்கள். பாட்டு அன்றைக்கு ராத்திரியே மாறிவிட்டதா என்ன? எழுபது வருடம் கழித்து, 2019இல், லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பினப் பையனின் ‘ஓல்ட் டவுன் ரோட்’ பாட்டைக் கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமியப் பாட்டுப் பட்டியலில் சேர்த்து, பிறகு இதில் கன்ட்ரி அம்சம் போதவில்லை என்று அதே பில்போர்டு எடுத்துவிட்டது. குதிரை, தொப்பி எல்லாம் இருந்தும் போதவில்லையாம்.

நடுவில் ஒரு சிரிப்புக் கதை. ஜெத்ரோ டல் என்று ஒரு குழு. தலைவர் இயன் ஆண்டர்சன் ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் வாசிப்பவர். 1971இல் அவர்கள் போட்ட ஆல்பத்தை விமர்சகர்கள் ‘கருத்து ஆல்பம்’, அதாவது ஒரே கருத்தில் கோத்த பாட்டுகள் என்றார்கள். அவர் இல்லை என்றார், யாரும் கேட்கவில்லை. சரி, உங்களுக்கு அதுதானே வேண்டும் என்று 1972இல் கேலியாகவே ஒன்று செய்தார்: தட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு. இன்றைக்கு ப்ராக் என்றால் என்ன என்று கேட்டால் பலரும் முதலில் எடுத்து நீட்டுவது அந்தக் கேலியைத்தான். கூத்து இதோடு முடியவில்லை. 1989இல் அமெரிக்காவின் கிராமி இசை விருதில் முதன்முறையாக ஹார்ட் ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பிரிவு வைத்தார்கள். மெட்டல் குழுவான மெட்டாலிகாதான் வாங்கும் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஜெத்ரோ டல்லுக்குக் கொடுத்துவிட்டார்கள். புல்லாங்குழல் குழுவுக்கு மெட்டல் விருது! மறு வருடமே அந்தப் பிரிவை இரண்டாக உடைத்தார்கள். 1992இல் மெட்டாலிகா விருது வாங்கியபோது அவர்களுடைய டிரம்மர், இந்த வருடம் ஜெத்ரோ டல் ஆல்பம் போடாததற்கு மேடையிலேயே நன்றி சொன்னார்.

நம் பக்கம் வருவோம். கேசட் காலத்தில் ஜங்ஷன் கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், நமக்கு இந்த ராக், சோல் கணக்கெல்லாம் கிடையாது. பக்தி, நாட்டுப்புறம், கர்னாடகம், இங்கிலீஷ். மீதி முழுக்க ஆள் பேர்தான்: எம்.எஸ்.வி., ராஜா. சோகப்பாட்டு, குத்துப்பாட்டு என்று கேட்டால் கடைக்காரரே தொகுத்துப் பதிந்து கொடுப்பார். 1986இல் இளையராஜா, தியாகராஜரையும் ஜெர்மானிய மேதை பாக்கையும் எதிரெதிரே உட்காரவைத்து ‘ஹவ் டு நேம் இட்’ போட்டார். என்ன பெயர் வைப்பது என்று தலைப்பிலேயே கேட்டுவிட்டார் மனிதர். கடைக்காரர் ஒரு நொடி யோசிக்கவில்லை, ராஜா அலமாரியில் செருகினார். எனக்கு இன்றுவரை அதைவிடச் சரியான வகைப்பாடு தெரியாது. பிற்பாடு எம்பி3 வந்தபோது கணினியில் பாட்டின் வகையை நிரப்ப ஒரு கட்டம் இருக்கும். அதன் பட்டியலில் ப்ராக்ரெசிவ் ராக்குக்கு 92 என்று தனி எண் உண்டு. கர்னாடகத்துக்கு ஒரு எண்ணும் கிடையாது. ‘எத்னிக்’ என்று போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் நம்மிடம் பெயர்ச் சண்டை இல்லை என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். நம்முடையது இன்னும் கூர்மையானது, கூலியில் போய் விழுவது. நாதஸ்வரம், தவில்: கோயிலுக்குள் ஆலாபனை வாசித்தால் பெரிய மேளம். அதே நாதஸ்வரம், அதே தவிலோடு பம்பை சேர்ந்து கரகாட்டத்துக்கு வாசித்தால் நையாண்டி மேளம். ஆட்டம் தொடங்கும் முன்பு அரை மணி நேரம் அப்பழுக்கில்லாமல் ராகம் வாசித்த நையாண்டி மேளக்காரர்களை நான் கேட்டிருக்கிறேன். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மண்ணில் அந்த அரை மணி நேரத்தைக் கேட்கக் காது இல்லாமலா போய்விட்டது? காது இருக்கிறது, நாற்காலிதான் இல்லை.

எட்டயபுரத்தில் 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், வெள்ளைக்காரன் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். ‘காட் சேவ் தி கிங்’ மெட்டில் ‘சந்ததம் பாஹிமாம்’ என்று இருக்கிறது. நொட்டுஸ்வரம் என்று மரியாதையாகக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். நல்ல விஷயம். சினிமா மெட்டை நையாண்டி மேளம் வாசித்தால் மட்டும் கலப்படமாகிவிடுகிறது.

இனி வில்லு. மருமகனுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று புரிகிறது. காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடி, அப்புறம்தான் கதைக்குள் போவார்கள். விருத்தம், வசனம், பாட்டு என்று நடை மாறி மாறி விடிய விடியப் போகும். வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை, ஐந்துக்கும் ஒழிவில்லை. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொண்டால், பிராமணப் பிள்ளை ஒருவன் செருப்புத் தைக்கும் வீட்டுப் பெண்கள் இருவரைக் கட்டுகிறான், தானும் செருப்புத் தைக்கப் பழகுகிறான், மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். எந்த ப்ராக் ஆல்பத்திலும் இவ்வளவு கனமான கதையை நான் கேட்டதில்லை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற சாமியாகிவிட்ட அவனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை.

ஆனால் கோயில் கொடைத் திருவிழாவில் உட்கார்ந்து கேட்டவனுக்கு ஒரு வித்தியாசம் தெரியும். சுடலைமாடன் கதை ஒரு இடத்துக்கு வரும்போது சாமியாடி மேல் அருள் இறங்கும். புலவர் கண் அவர் மேலேயே இருக்கும். வில்லை அடிக்கும் வீசுகோல் வேகம் பிடிக்கும், உடுக்கை ஏறும், பாடின அடியையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். அவர் இறங்கிவந்த பிறகுதான் கதை நகரும். கொடையில் ஆடும் கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல் வாத்தியமும் அப்படித்தான், ஆடுகிற சாமிக்குத் தக்கபடி அடி விழும். அந்த நீளம் கலைஞனின் லட்சியம் கிடையாது, சாமி எடுத்துக்கொள்கிற நேரம். ஜெனிசிஸின் 23 நிமிடம் தட்டு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் செய்தது. இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் இரண்டுமே காதில் சரியாக விழாது. அப்படி ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் ‘சப்பர்ஸ் ரெடி’யை குடம் இல்லாத இங்கிலீஷ் வில்லுப்பாட்டு என்று சொல்லிப் பார். பீட்டர் கேப்ரியல் வேஷம் கட்டி ஆடியவர், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேட்டதற்கு என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். பிங்க் ஃபிளாய்ட் அந்தத் தெருதான், மூலை வீடு. ரேடியோஹெட் அந்தத் தெரு வழியாக நடந்து போனவர்கள். ட்ரீம் தியேட்டர் குழு சந்தேகமில்லாமல் வாரிசு, சமயத்தில் கணக்குப் பாடம் மாதிரி இருந்தாலும். டூலை இரண்டு அலமாரியிலும் வையுங்கள், குடி முழுகிவிடாது. பெங்களூரின் அகம் குழு கர்னாடகத்தை வைத்துக்கொண்டு ப்ராக்ரெசிவ் ராக் என்கிறார்கள். அந்தத் தெருவிலும் பாடம் கேட்டவர்கள்தான், அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அவர்களுக்கு.

பாட்டுக்கு எதுக்குலே பேரு என்ற தம்பிக்கு ஒன்று. எங்கள் பக்கத்துக் கோயிலில் கொடைக்கு வரி போட்டுச் செலவு பிரிக்கும்போது ஆர்கெஸ்ட்ராவுக்கு ‘கலை நிகழ்ச்சி’ என்று ஒரு தலைப்பில் எழுதுவார்கள். வில்லுக்கும் கணியானுக்கும் ‘பூசைச் செலவு’ என்று மாலை, எலுமிச்சையோடு சேர்த்து எழுதுவார்கள். முதலாவதற்கு முன்பணம், வேன், சாப்பாடு. இரண்டாவதற்குப் பேரம். இந்த முறை கமிட்டி கூடும்போது வில்லை அந்த முதல் தலைப்புக்கு மாற்றி எழுதச் சொல்லப் போகிறேன். மருமகனும் கூட்டாளிகளும் வரி கட்டும் வீட்டுப் பிள்ளைகள்தானே, டீக்கடையில் பேசுகிற குரலில் அங்கே வந்து நாலு வார்த்தை பேசட்டும்.